மரத்தின் மனமறிந்தவர் – சர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட்

நம் கல்லூரியில் எந்தப் பிரிவில் படித்தவரானாலும் முதல் வருஷம் கார்பென்டரி ஷாப்பில் நின்றிருப்போம். காக்கி யூனிஃபார்ம், கையில் இழைப்புளி, முன்னால் வைஸில் இறுக்கிய ஒரு கட்டை. ரேகை ஓடும் பக்கமாகத் தள்ளினால் சீவல் சுருள் சுருளாக வரும். எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் இழைப்புளி முரண்டு பிடித்து மரத்தைப் பிய்த்தெடுத்துவிடும். கட்டையைத் திருப்பி வைடா என்று இன்ஸ்ட்ரக்டர் அதட்டுவார். அந்த வகுப்புக்கு மார்க் குறைவு. அதனால் மதிப்பும் குறைவு. மறு வருஷமே ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் போய்விட்டோம். எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே பலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். மரம் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தக் கார்பென்டரி ஷாப் பாடத்தை உயிரைப் பணயம் வைத்துக் கற்ற ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பெயர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட். டைகர் மாத், மாஸ்கிடோ, காமெட் என்ற பெயர்களை நம்மில் பலர் கேட்டிருப்போம். அவற்றுக்குப் பின்னால் இருந்த ஆளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

1882 ஜூலை 27 அன்று இங்கிலாந்தில் ஹை விகாம் என்ற ஊரின் ஓரத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். ஹை விகாம் நாற்காலிக்குப் பேர்போன ஊர். சுற்றியுள்ள காட்டில் பீச் மரத்தை வெட்டி, அங்கேயே குடிசை போட்டு உட்கார்ந்து நாற்காலிக் கால் கடைவார்கள். கட்டையை ரம்பத்தால் அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். பிளக்கும்போது மரம் தன் நார் போகும் வழியே பிரிகிறது. அதனால் மேலிருந்து கீழ்வரை நார் அறுபடாமல் ஓடும் கால் கிடைக்கும். மெல்லியதாகத்தான் இருக்கும். மேலே ஆள் தொப்பென்று உட்கார்ந்தாலும் ஒடியாது. நம்மூரில் மூங்கிலைப் பிளந்து பிளாச்சு எடுப்பதும் இதே சமாச்சாரம்தான். ஆனால் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டதால், இதையெல்லாம் அவர் பார்த்து வளர்ந்தார் என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் இந்த ஊர் வேறு விதமாக அவர் கதைக்குள் வரும்.

வளர்ந்தது ஹாம்ப்ஷையரில் கிரக்ஸ் ஈஸ்டன் என்ற சிற்றூரில். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இருந்த பொறியியல் பள்ளியில் படித்தார். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்தார், கார் கம்பெனியில் டிராயிங் போட்டார், பஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. 1908-ல் வில்பர் ரைட் பிரான்ஸில் பறந்து காட்டிய செய்தி வந்ததும் ஆளுக்கு விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது. தாய்வழித் தாத்தாவிடம் போய் நின்றார். அவர் 1,000 பவுண்டு கொடுத்தார். அந்தக் காலத்தில் அது வீடு வாங்கும் பணம்.

கூட்டாளி ஃபிராங்க் ஹெர்ல். பஸ் வேலையில் அறிமுகமான மெக்கானிக், பின்னாளில் ஜெஃப்ரியின் தங்கையைக் கட்டிக்கொண்டு மச்சானாகவும் ஆனார். இருவரும் லண்டன் ஃபுல்ஹாமில் ஒரு பட்டறையைப் பிடித்தார்கள். வாங்க எஞ்சின் கிடையாது; 45 குதிரைச் சக்தி எஞ்சினை ஜெஃப்ரியே வரைந்து ஐரிஸ் கார் கம்பெனியில் செய்ய வைத்தார். புது மனைவி லூயி இறக்கைத் துணியைக் கைமெஷினில் தைத்துக் கொடுத்தார். ஆக, முழுக்க முழுக்க வீட்டு விமானம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூவரில் ஒருவர்கூட அதுவரை ஒரு விமானத்தில் ஏறிப் பறந்ததில்லை.

1909 டிசம்பரில் செவன் பாரோஸ் என்ற புல்வெளிக்கு அதைக் கொண்டுபோனார்கள். (துட்டன்காமன் கல்லறையைத் தோண்டப் பணம் போட்டாரே கார்நார்வன் பிரபு, அவருடைய நிலம்.) சரிவில் கீழ்நோக்கி ஓடவிட்டு, வேகம் வந்ததும் ஸ்டிக்கை இழுத்தார். விமானம் செங்குத்தாக எழும்பியது. அந்த வேகத்தில் இழுத்தபோது இறக்கை மேல் பாரம் பல மடங்கு ஏறியது. இடது இறக்கை மடங்கி ஒடிந்தது. மொத்தமும் குப்பையாகத் தரையில் விழுந்தது. சிராய்ப்போடு ஆள் பிழைத்தது அதிர்ஷ்டம். எஞ்சினும் தப்பியது.

காரணம் மரம். இறக்கைக்குள் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஓடும் உத்தரத்துக்கு ஸ்பார் என்று பெயர். நம் வீட்டு உத்தரம் கூரையைத் தாங்குகிற மாதிரி, ஸ்பார்தான் விமானத்தையே தாங்குகிறது. அதற்கு அவர் போட்டிருந்தது அமெரிக்க வெள்ளை மரம். லேசானது, உளிக்கு வெண்ணெய் மாதிரி இசையும். ஆஷ் அல்லது ஸ்ப்ரூஸ் மரத்தின் பலம் அதற்குக் கிடையாது. எஞ்சினுக்கு அத்தனை கவனம் காட்டியவர், மரத்தை எடை குறைவு என்பதற்காகத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று மரத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். இல்லையென்றால் மீதிக் கதை புரியாது.

மரம் என்பது ஒரு கட்டு வைக்கோல் போல. நெடுக இழுத்துப் பாருங்கள், அறுப்பது கஷ்டம். குறுக்கே பிரித்தால் சுலபமாகப் பிரிந்துவிடும். 12 சதவீத ஈரம் உள்ள சிட்கா ஸ்ப்ரூஸை ரேகை நெடுக அழுத்தினால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 5,600 பவுண்டு தாங்கும். குறுக்கே அழுத்தினால் 600-க்குள்ளேயே நசுங்க ஆரம்பித்துவிடும். குறுக்கே இழுத்தாலோ 400 பவுண்டுகூடத் தாங்காமல் பிளக்கும். அலுமினியத் தகட்டில் இப்படிப் பத்து மடங்கு, பதினைந்து மடங்கு வித்தியாசம் கிடையாது.

இப்போது ரேகை கட்டையின் நீளத்துக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்ந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலம் விலகினால் வளைவுப் பலத்தில் 7 சதவீதம் போகும். 15-க்கு ஒன்று என்றால் 11 சதவீதம். 10-க்கு ஒன்று என்றால் 19. ஐந்துக்கு ஒன்று ஆனால் கிட்டத்தட்ட பாதி, 45 சதவீதம் போச்சு. திடீர் அடியைத் தாங்கும் பலம் இதைவிட மோசமாகக் குறையும். 10-க்கு ஒன்று சாய்விலேயே 38 சதவீதம் காலி. நார் கட்டையின் ஓரத்தில் வெளியேறிவிடுகிறது என்பதுதான் விஷயம். பாரம் வரும்போது நாரை இழுப்பதற்குப் பதிலாக, ஒரு நாரிலிருந்து அடுத்த நாரை உரிக்கிற வேலை நடக்கிறது. அதனால்தான் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் ஸ்பார் மரத்தில் 15-க்கு ஒன்றுக்கு மேல் சாய்வு இருந்தால் தொடமாட்டார்கள். ஒரு அங்குலத்துக்குள் ஆறு வளர்ச்சி வளையமாவது இருக்கிறதா என்றும் எண்ணிப் பார்ப்பார்கள்.

சாய்வைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. பலகையின் அகலமான முகத்தில் அழகாக மலைமலையாகத் தெரியும் கோடுகள் வளர்ச்சி வளையங்களின் கோடுகள். நார் ஓடும் திசை அதுவாக இருக்கவேண்டும் என்பதில்லை. மரம் வளரும்போதே முறுக்கிக்கொண்டு வளர்ந்திருந்தால் கோடு நேராக இருக்கும், நார் சாய்ந்திருக்கும். அதற்கு ஒரு சொட்டு மை விட்டால் நார் வழியே பரவிக் காட்டிக் கொடுக்கும். அல்லது மீந்த துண்டை உளி வைத்துப் பிளந்து பார்க்கவேண்டும். பிளந்த முகம் பொய் சொல்லாது. இன்னொரு எமன், மரம் வெட்டுப்பட்டுப் பாறைமேல் விழும்போதோ புயலில் வளையும்போதோ உள்ளே நார் நசுங்கிவிடுவது. இழைத்த பிறகு குறுக்கே மயிரிழைக் கோடாகத்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. அந்த இடத்தில் ஸ்பார் வெள்ளரிக்காய் மாதிரி சட்டென்று முறியும், சிம்பு சிம்பாகக் கிழியாது.

மறுபடி டி ஹாவிலண்டுக்கு வருவோம். அதே எஞ்சினை வைத்து, உறுதியான மரத்தில் எளிமையான இரண்டாவது விமானத்தைக் கட்டினார். இந்த முறை அவசரம் காட்டவில்லை. சிறு சிறு தாவல்களாகப் பழகினார். 1910 செப்டம்பர் 10. சக்கரம் உண்மையிலேயே தரையை விட்டு எழும்புகிறதா என்று பார்க்க ஹெர்ல் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு கவனித்தார். எழும்பியது. இங்கிலாந்து ராணுவ இலாகா அந்த விமானத்தை 400 பவுண்டுக்கு வாங்கி, அவருக்கும் ஹெர்லுக்கும் ஃபார்ன்பரோவில் வேலையும் கொடுத்தது. தாத்தா கொடுத்த ஆயிரத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. இருந்தாலும் இதைவிட லாபமான நஷ்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

1914-ல் ஏர்கோ கம்பெனிக்குப் போனார். முதல் உலகப் போரில் அவர் வரைந்த டி.எச்.2, டி.எச்.4, டி.எச்.9 எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் பறந்தன. எல்லாமே மரம். நேச நாடுகளுக்கு ஸ்ப்ரூஸ் போதவில்லை. அமெரிக்கா 1917-ல் மரம் வெட்டுவதற்கென்றே தனி ராணுவப் பிரிவு அமைத்துப் பசிபிக் கரைக் காடுகளுக்கு அனுப்பியது. ஏன் அந்த மரத்துக்கு அத்தனை கிராக்கி? சிட்கா ஸ்ப்ரூஸ் பனையைவிட உயரமாக, கணு இல்லாமல், நேர் ரேகையோடு வளரும். கன மீட்டருக்குச் சுமார் 430 கிலோதான். நம் தேக்கு 650 இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் அதன் பலம் அன்றைய உலோகங்களுக்குச் சவால் விட்டது.

போர் முடிந்து ஏர்கோ விற்கப்பட்டதும் 1920-ல் ஸ்டாக் லேனில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1925-ல் வந்த மாத் விமானம் அவரைப் பணக்காரராக்கியது. ப்ளைவுட் பெட்டி உடல், ஸ்ப்ரூஸ் ஸ்பார், மடிக்கிற இறக்கை. கார் வைத்திருப்பவர் விமானமும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம், அதனால்தான் மாத் என்ற பெயர். அந்தக் குடும்பத்தில் ஒரு பூச்சி நம் பக்கமும் வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது டி ஹாவிலண்டின் பஸ் மாத் விமானத்தில். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பஸ் மாத்தின் உடல் இரும்புக் குழாய். இறக்கை மட்டும் மரம்தான்.

1930-களில் மற்ற எல்லோரும் உலோகத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இவர் மாறவில்லை. இதைப் பிடிவாதம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்துக்கு ஒரு திசையில்தான் பலம் என்றால், இரண்டு திசையில் மரத்தை வைத்துவிட்டால் போயிற்று! 1934-ல் மெல்போர்ன் பந்தயத்துக்காகக் கட்டிய காமெட் விமானத்தின் மெல்லிய இறக்கையில் அதைத்தான் செய்தார்கள். ஸ்ப்ரூஸ் பட்டிகளைக் கோணலாக ஒரு அடுக்கு, அதற்கு எதிர்க்கோணத்தில் இன்னொரு அடுக்கு என்று ஒட்டினார்கள். இறக்கை முறுக்க முயன்றால் ஏதாவது ஓர் அடுக்கின் நார் நெடுக இழுபடும். மில்டன்ஹாலில் கிளம்பி மெல்போர்னுக்கு 71 மணி நேரத்துக்குள் போய் ஜெயித்தது. பிற்கால ஜெட் காமெட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சிந்தனையின் உச்சம் மாஸ்கிடோ. போர் தொடங்கியதும், துப்பாக்கிக் கூண்டு எதுவும் இல்லாமல் வேகத்தாலேயே தப்பிக்கும் ஒரு மர பாம்பரைக் கட்டலாம் என்றார். மர விமானமா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்பதுபோல் அதிகாரிகள் பார்த்தார்கள். வில்ஃப்ரிட் ஃப்ரீமன் என்ற ஒரு மேலதிகாரி மட்டும் நம்பினார். 1940 மார்ச்சில் 50 விமானங்களுக்கு ஆர்டர் கிடைத்தது. சால்ஸ்பரி ஹால் என்ற பழைய மாளிகையில் ரகசியமாகக் கட்டினார்கள். 1940 நவம்பர் 25 அன்று மூத்த மகன் ஜெஃப்ரி ஜூனியர் அதை முதல்முறை பறக்கவிட்டார். அதிகாரிகள் வாயடைத்துப் போகும் வேகம். மொத்தம் 7,781 கட்டப்பட்டன.

அதன் உடல் நிலக்கடலைத் தோடு மாதிரி. இடப்பாதி, வலப்பாதி தனித்தனியாக அச்சின்மேல் வார்ப்பார்கள். உள்ளே வயரிங்கை முடித்துவிட்டு இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். வெளியே பிர்ச் ப்ளைவுட், நடுவே ஈக்வடாரிலிருந்து வந்த பால்சா, உள்ளே மறுபடி பிர்ச். இறக்கை நுனிக்கு நுனி 54 அடி, ஒரே துண்டு. அதன் ஸ்பார் ஒரு பெட்டி உத்தரம்: மேலும் கீழும் ஸ்ப்ரூஸ் பட்டிகளை அடுக்கி ஒட்டிய விளிம்புகள், இரு பக்கமும் ப்ளைவுட் சுவர். அடுக்கி ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இவ்வளவு நீளத்துக்குக் குறையே இல்லாத ஒற்றைக் கட்டை கிடைப்பது அரிது. மெல்லிய பட்டிகளாக எடுத்தால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துக் கழித்துக்கட்டலாம். தப்பித்தவறி ஒன்றில் குறை இருந்தாலும் அண்டை வீட்டுக்காரன் தாங்கிக்கொள்வான்.

இதையெல்லாம் யார் செய்தது? நாற்காலி, பீரோ, பியானோ செய்தவர்கள். ஹை விகாம் தச்சர்களும் அதில் உண்டு. அலுமினியத்துக்கு நாடு அலைந்துகொண்டிருந்த வேளையில், சும்மா இருந்த பட்டறைகளும் கைகளும் போருக்கு வந்தன.

இனி நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட பகுதி. பர்மா போருக்காக மாஸ்கிடோக்கள் இந்தியாவுக்கு வந்தன. 1944-ல் சில விமானங்கள் வானிலேயே இறக்கை பிரிந்து விழுந்தன, உள்ளிருந்தவர்கள் இறந்தார்கள். வருஷக் கடைசியில் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதித்தார்கள். முதலில் பழி விழுந்தது பசைமேல். ஆரம்ப கால மாஸ்கிடோக்களில் பாலிலிருந்து எடுத்த கேசீன் பசை. ஈரத்தில் அது பூஞ்சை பிடித்துக் கெடும். நம் தச்சர்கள் வஜ்ரம் காய்ச்சி ஒட்டியதற்கு மழைக்காலத்தில் என்ன கதி என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்குள் ஈரம் தாங்கும் ரசாயனப் பசைக்கு மாறியிருந்தார்கள். ஜெஃப்ரியின் தம்பி ஹெர்வர்ட் இந்தியாவுக்கு ஒரு குழுவோடு வந்தார். பசை கெடவில்லை, பருவமழை ஈரத்தில் மரம் சுருங்கி விரிந்ததுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தார்.

அதில் பாதி உண்மை உண்டு. மரம் ஈரம் குடித்தால் நெடுகக் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. குறுக்கே மட்டும் பல சதவீதம் பெருக்கும். நம் வீட்டு நிலைக்கதவு ஐப்பசியில் இறுகுவதும் இதனால்தான், ப்ளைவுட்டும் ஸ்ப்ரூஸும் சேரும் இடம் திணறுவதும் இதனால்தான். ஆனால் அடுத்தடுத்து நடந்த விசாரணைகள் வேறு ஒன்றைச் சொல்லின. ஸ்பாரும் இறக்கைத் தோலும் சேரும் இடத்தில் இரண்டு முகமும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார்கள். இங்கிலாந்தில் பிரித்துப் பார்த்த விமானங்களிலும் அதே குறை. அவை நம்மூர் மழையையோ கரையானையோ பார்த்ததே இல்லை! பிறகு அந்த மூட்டு நெடுகிலும் ப்ளைவுட் பட்டை ஒட்டிச் சரிசெய்தார்கள். வெப்ப நாட்டுச் சீதோஷ்ணத்தின்மேல் பழியைப் போடுவது எவ்வளவு சௌகரியம் பாருங்கள். தம்பியின் அறிக்கை கம்பெனிக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. டி ஹாவிலண்டை மதிக்கிறவன்தான் நான்; ஆனாலும் அவருடைய மரம் அன்று தோற்கவில்லை, அவருடைய தொழிற்சாலை தோற்றது என்றே நினைக்கிறேன்.

அவர் வீட்டிலும் விமானங்கள் உயிர் வாங்கின. மூன்று மகன்களில் கடைசி மகன் ஜான், 1943-ல் இரண்டு மாஸ்கிடோக்கள் வானில் மோதியதில் இறந்தார். மூத்தவர் ஜெஃப்ரி 1946 செப்டம்பர் 27 அன்று டி.எச்.108 என்ற சோதனை ஜெட் தேம்ஸ் முகத்துவாரத்தின்மேல் சிதறியதில் போனார். முதல் விமானத்துக்குத் துணி தைத்த லூயி 1949-ல் காலமானார்.

அதே 1949-ல், ஜூலை 27 அன்று, அவருடைய 67-ஆவது பிறந்தநாளில், உலகின் முதல் பயணிகள் ஜெட்டான காமெட் பறந்தது. முழுக்க உலோகம். ஆனால் அதன் தகடுகள் பல இடங்களில் ஆணியோடு பசையாலும் ஒட்டப்பட்டிருந்தன. மரம் ஒட்டிப் பழகிய கம்பெனி அல்லவா. 1953 மே மாதம் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் இடிமழையில் சிதறியது. 1954-ல் மத்தியதரைக் கடலின்மேல் இன்னும் இரண்டு. கடைசி இரண்டுக்கும் காரணம் உலோகக் களைப்பு. மரத்துக்கு அந்த நோய் மிகக் குறைவு என்பது ஒரு விதி விளையாட்டு. குறையைத் திருத்திய காமெட்கள் பிறகு பல வருஷம் பறந்தன.

1944-ல் சர் பட்டமும் 1962-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் கிடைத்தன. கம்பெனி 1960-லேயே ஹாக்கர் சிட்லியோடு சேர்ந்துவிட்டது. 1965 மே 21 அன்று 82 வயதில் காலமானார்.

முதல் மாஸ்கிடோ இன்றும் சால்ஸ்பரி ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிற நண்பர்கள் ஒருநாள் ஒதுக்கலாம். செவன் பாரோஸ் பக்கம் போனால் சாலையோரமாக ஒரு நினைவுக்கல்லும் உண்டு. 1910-ல் பறந்த இரண்டாவது விமானத்தைத்தான் அது சொல்கிறது, ஒடிந்த முதலாவதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அன்று புல்லில் படுத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்த்த ஃபிராங்க் ஹெர்லின் பெயரை மறக்காமல் செதுக்கியிருக்கிறார்கள்.